டெக்சஸில் மச்சான் துப்பாக்கிக் கடை திறக்கிறார், பங்கு போடலாமா?

ஈசூன்_குமார் எழுதியது:

வணக்கம் மக்களே. கொஞ்சம் வித்தியாசமான கேள்வி, ஓட்டாதீங்க.

என் மனைவியின் அண்ணன் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ரொம்ப வருஷம் ஆச்சு. எண்ணெய்க் கம்பெனி வேலை போனதும் துப்பாக்கிக் கடை வைப்பது என்று முடிவு பண்ணிவிட்டார். பணம் மட்டும் போடு, 30 விழுக்காடு பங்கு உனக்கு என்கிறார். லைசன்ஸ் வெறும் 200 டாலராம். தேக்காவில் ஒரு வடைக்கடை போடவே அதைவிடக் கூட ஆகும், அதனால்தான் சந்தேகம்.

நான் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தரவாசி. பங்கு போட்டால் என் பெயரும் லைசன்ஸில் ஏறுமா? சிங்கப்பூர் போலீசுக்குச் சொல்லணுமா? வீட்டில் அண்ணன் வாக்கு வேதவாக்கு. நான் கேள்வி கேட்டாலே முகம் மாறுது. விவரம் தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

தேக்கா_மணி எழுதியது:

வடைக்கடையே போடுங்க பாஸ். நஷ்டம் வந்தா வடையாவது மிஞ்சும்.

பாசிர்லாபா_பழசு எழுதியது:

தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சி) சுடுதளத்தை விட்டுக் கிளம்பும்போது வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை என்று சத்தம் போட்டுச் சொல்லுவோம். ஒரு காலிக் கூடு கணக்கில் குறைஞ்சாக்கூட புல்லுக்குள்ள குனிஞ்சு தேடணும், வெயில் மண்டையைப் பிளக்கும். அப்படி வளர்ந்தவனுக்கு ‘பங்கு போட்டுத் துப்பாக்கி விற்கலாம்’ என்று படிக்கவே முதுகு வேர்க்குது லா.

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

குமார், உங்க மச்சான் பொய் சொல்லலை. 200 டாலர் உண்மைதான். நான் முன்னே உட்லண்ட்ஸ்வாசி, இப்போ டெக்சஸில் கேட்டி பக்கம். பகலில் ஐ.டி. வேலை, மீதி நேரத்தில் வீட்டிலிருந்தே சின்னதா எஃப்.எஃப்.எல். வைத்து ஓட்டுகிறேன். எஃப்.எஃப்.எல். என்பது மத்திய அரசின் துப்பாக்கி வியாபார உரிமம். கொடுப்பது ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் எல்லாம் அவங்க பொறுப்பு), அடிப்படை 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

சில்லறைக் கடைக்கு வேண்டியது ‘டைப் 01’. மூன்று வருஷத்துக்கு 200 டாலர், பிறகு புதுப்பிக்க 90. அடகுக்கடைக்காரர் துப்பாக்கியைப் பிடித்து வைத்துக் கடன் கொடுத்தால் அது ‘டைப் 02’. தயாரிப்பாளருக்கு ‘07’, பழம்பொருள் சேகரிப்பவருக்கு ‘03’. இந்த 03ஐ எடுத்து வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணலாம்னு சிலர் நினைக்கிறாங்க. கூடாது, அது சேகரிப்புக்கு மட்டும்.

‘படிவம் 7’ நிரப்பணும். கடை முகவரி, திறக்கும் நேரம், யார் பொறுப்பாளர் எல்லாம் அதில் வரும். பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம், கைரேகை அட்டை. அந்த ஊர்ப் போலீஸ் தலைவருக்கோ ஷெரிஃபுக்கோ ஒரு நகல் அனுப்பணும். அவர் அனுமதி தரத் தேவையில்லை, தகவலுக்கு மட்டும். சரியாக நிரப்பிய விண்ணப்பத்துக்கு 60 நாளில் முடிவு சொல்லணும் என்பது சட்டம். நடுவில் ஏ.டி.எஃப். விசாரணை அதிகாரி ஒருத்தர் நேரில் வருவார். கைது செய்கிற ஆள் இல்லை, இடுப்பில் துப்பாக்கியும் இருக்காது. உட்கார்ந்து சட்டத்தை வரி வரியா விளக்கி, புரிந்தது என்று கையெழுத்து வாங்கிட்டுப் போவார். அந்தக் கையெழுத்துக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு, நாளைக்கு எழுதறேன். இங்கே நடுராத்திரி.

ஈசூன்_குமார் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. காத்திருக்கேன். கடை சொந்த வீட்டு கராஜிலேயே வைக்கலாம் என்கிறார், அது நடக்குமா?

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. ஏ.டி.எஃப். கேட்கும் முதல் கேள்வியே, உங்க ஊர்ச் சட்டப்படி அந்த முகவரியில் இந்த வியாபாரம் செய்யலாமா என்பதுதான். லைசன்ஸ் கைக்கு வந்து 30 நாளுக்குள் உள்ளூர், மாநிலச் சட்டம் எல்லாவற்றுக்கும் உட்பட்டு நடப்பேன் என்று படிவத்திலேயே உறுதி கொடுக்கணும்.

ஹூஸ்டன் மாநகரில் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை என்று பிரிக்கும் நில வகைப்பாட்டுச் சட்டமே கிடையாது. இத்தனை பெரிய நகரத்தில் இது அதிசயம். ஆனால் சுகர்லேண்ட் தனி நகராட்சி, அங்கே வகைப்பாடு உண்டு. குடியிருப்புப் பகுதியில் வாடிக்கையாளர் வந்து போகிற கடை என்றால் நகராட்சியில் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. நான் இருப்பது நகர எல்லைக்கு வெளியே. டெக்சஸில் கவுண்டிகளுக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) பொதுவா வகைப்பாடு போடும் அதிகாரம் இல்லை. ஆனாலும் எங்கள் குடியிருப்புச் சங்கம் விட்டதா? சங்க விதியில் ‘வீட்டில் வணிகம் கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. அதுக்கே ஒரு வக்கீலைப் பிடிச்சு, ஆள் நடமாட்டம் இல்லாமல், முன்பதிவு செய்தவங்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்கினேன். உங்க வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எந்தத் தொழில் வைக்கலாம்னு கேட்கிற மாதிரிதான், ஆனா இங்கே கேட்கப் போகும் இடம் ஊருக்கு ஊர் மாறும்.

டெக்சஸ் மாநிலத்துக்கென்று தனித் துப்பாக்கிக் கடை உரிமம் இல்லை. இதுவே கலிஃபோர்னியா, நியூஜெர்சி, இல்லினாய் என்றால் மாநிலம் தனியா ஒரு உரிமம் கேட்கும். டெக்சஸில் வேண்டியது கம்பெனிப் பதிவு (எல்.எல்.சி. என்ற வரையறுத்த பொறுப்புக் கம்பெனிக்கு 300 டாலர்), விற்பனை வரி அனுமதி (வரி மாநிலமும் ஊரும் சேர்த்து அதிகபட்சம் 8.25 விழுக்காடு), அவ்வளவுதான்.

நேற்றுச் சொன்ன கையெழுத்து விஷயம். உரிமத்தைப் பறிக்கணும்னா, ‘தெரிந்தே’ சட்டத்தை மீறினார் என்று ஏ.டி.எஃப். காட்டணும். முதல் நாளே எல்லாம் விளக்கினோம், இதோ உங்க கையெழுத்து என்று அந்தத் தாளை அப்போ எடுத்து வைப்பாங்க. என்னைக் கேட்டால் 200 டாலர் உரிமத்தின் உண்மையான விலை அந்தத் தாள்தான்.

செங்காங்_மலர் எழுதியது:

கட்டணம், வரி, சங்க விதி எல்லாம் சரி. 2022இல் டெக்சஸ் உவால்டி பள்ளிக்கூடத்தில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது முடிந்த கையோடு உரிமம் உள்ள கடையில் சட்டப்படிதான் வாங்கினான். படிவம், கைரேகை, அதிகாரி எல்லாம் இருந்தும்தான். குமார், அந்தப் பணத்தில் வரும் லாபத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவீங்களா? கோபத்தில் கேட்கலை, நிஜமாகவே கேட்கிறேன்.

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

மலர், நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை, ஆளாளுக்கு மாறும். நான் என்ன செய்றேன்னு மட்டும் சொல்றேன். வாங்க வருபவர் ‘4473’ என்ற படிவத்தை நிரப்பணும், நான் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்பணும். பதில் மூன்று விதம்: கொடு, கொடுக்காதே, பொறு. ‘பொறு’ என்று வந்து மூன்று வேலை நாள் தாண்டியும் பதில் வராவிட்டால் சட்டம் கொடுக்கலாம் என்கிறது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது அந்த ஓட்டையில்தான். சட்டம் ‘கொடுக்கலாம்’ என்கிறது, ‘கொடுத்தாகணும்’ என்று சொல்லலை. நான் முடிவு வராமல் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவங்க உண்டு. 2022க்குப் பிறகு 21 வயதுக்குக் கீழே உள்ளவங்களுக்குக் கூடுதல் சோதனை வந்திருக்கு, சந்தேகம் இருந்தா 10 வேலை நாள் வரை தள்ளலாம்.

செங்காங்_மலர் எழுதியது:

பக்கத்துக் கடை கொடுத்திருக்கும், இல்லையா. சரி, நீங்க நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி. என் கருத்து மாறலை.

கெப்பல்_சரக்கு எழுதியது:

சரக்கு அனுப்பும் துறையில் இருக்கேன், அதனால் சிங்கப்பூர்ப் பக்கத்தை நான் சொல்றேன். குமார், இதைக் கவனமாப் படிங்க.

வெளிநாட்டில் சட்டப்படி நடக்கும் கம்பெனியில் பணம் போடுவது ஒன்று, இங்கே உட்கார்ந்து வியாபாரத்தில் கை வைப்பது வேறு. வியூகப் பொருள் (ஆயுதம், ஆயுதத்துக்கு உதவும் சாமான்) கட்டுப்பாட்டுச் சட்டம் 2002 என்று ஒன்று சுங்கத்துறையிடம் இருக்கு. ஏற்றுமதி மட்டுமில்லை, சரக்கு இந்த ஊரைத் தொடாமல் இரண்டு வெளிநாடுகளுக்கு நடுவே நீங்க பேரம் முடித்து வைக்கும் தரகு வேலையும் அதன் பார்வையில் வரும். மச்சான் ஒரு நாள் ‘துருக்கியில் மலிவா ஷாட்கன் செய்றாங்களாம், நீ கொஞ்சம் விலை பேசி முடி’ என்பார். அந்த மின்னஞ்சலை ஈசூனிலிருந்து நீங்க அனுப்புவதற்கு முன்னாடி சுங்கத்துறையிடம் கேட்டே ஆகணும்.

அடுத்தது ஆயுதக் குற்றச் சட்டம் 1973. உரிமமில்லாமல் வைத்திருந்தால் 5 முதல் 10 வருஷம் சிறை, குறைந்தது 6 பிரம்படி. கடத்தினால் தூக்கு அல்லது ஆயுள். இரண்டுக்கு மேல் வைத்திருந்தாலே கடத்தத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘ஆயுதம்’ என்றால் உதிரி பாகமும் சேர்த்திதான். விடுமுறைக்கு அங்கே போய் வரும்போது மச்சான் அன்பா ஒரு ட்ரிகர், ஒரு காலிக் கூடு கையில் கொடுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாங்க. துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டர்கூட இங்கே தடை செய்த இறக்குமதி.

பழைய 1913ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது: துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம். முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்யும் வரைபடக் கோப்பை அனுமதியில்லாமல் கணினியில் வைத்திருப்பதே அதில் குற்றம். மச்சான் வாட்ஸ்அப்பில் ‘இதைப் பாரேன்’ என்று அனுப்பினால் உடனே நிறுத்தச் சொல்லுங்க.

தேக்கா_மணி எழுதியது:

சும்மா ஒரு கேள்வி. இதே கடையை சிராங்கூன் ரோட்டில் வைக்க லைசன்ஸ் கேட்டா என்ன ஆகும்?

கெப்பல்_சரக்கு எழுதியது:

போலீஸ் உரிம, கட்டுப்பாட்டுத் துறையில் மனு போடலாம், யாரும் தடுக்கலை. இறக்குமதிக்கு, வைத்திருக்க, விற்க, சேமிக்க எல்லாவற்றுக்கும் உரிமம் வேணும். புதுச் சட்டத்தில் பெயிண்ட்பால் தளம் நடத்தக்கூட உரிமம். அதெல்லாம் கிடைத்ததாகவே வை, வாங்குவது யாரு? தற்காப்புக்கு ஒன்று வேணும்னு தெருவில் போகிறவர் வந்து கேட்கிற ஊரா இது? துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர்கள் இருக்காங்க, அவங்க ஆயுதமும் வீட்டு அலமாரிக்குப் போகாது, சங்கத்து ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும். ஆயுதமேந்திய துணைப் போலீஸ் நிறுவனங்கள் உன் கடைக்கு வந்து சில்லறையில் வாங்காது. வாடகை மட்டும் மாசாமாசம் சரியா வரும்.

காரைக்குடி_செல்வம் எழுதியது:

நம்ம இந்தியாவிலும் சும்மா இல்லை. ஆயுதச் சட்டம் 1959, அதுக்கு மேலே ஆயுத விதிகள் 2016. ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்று இருந்ததை 2019 திருத்தத்தில் இரண்டாக்கிவிட்டார்கள். தேர்தல் வந்தால் கலெக்டர் உத்தரவு போட, உரிமம் உள்ளவன் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கணும். வாங்குகிறவன் எண்ணிக்கையே குறைவு, கடைக்காரன் என்னத்தை விற்பான்?

ஈசூன்_குமார் எழுதியது:

அண்ணே, கேட்டி அண்ணாச்சி, என் பெயர் லைசன்ஸில் வருமா என்பதுக்கு மட்டும் பதில் வரலை. மச்சான் ‘30 விழுக்காடுதானே, காட்டவே வேணாம்’ என்கிறார்.

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

‘காட்டவே வேணாம்’ என்று அவர் வாயிலிருந்து வந்ததா? அப்போ உட்கார வைத்துப் பேசுங்க.

பொறுப்பாளர் யார் என்பதுக்கு விழுக்காடு கணக்கில்லை. துப்பாக்கி சம்பந்தமா கம்பெனியின் நிர்வாகத்தையும் கொள்கையையும் நேராகவோ மறைமுகமாகவோ நடத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கோ அவர்தான். பணம் மட்டும் போட்டு, என்ன வாங்கலாம், யாருக்கு விற்கலாம் என்று வாயே திறக்காத பங்குதாரர் அதில் வராமல் இருக்கலாம். ஆனால் கம்பெனி ஒப்பந்தத்தில் ‘எல்லா முடிவும் இருவரும் சேர்ந்து’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் நீங்களும் உள்ளே. அப்போ உங்க கைரேகை, புகைப்படம், குடியுரிமை, விசா நிலை எல்லாம் போகணும். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தால் விண்ணப்பத்தை மறுக்க அது ஒன்றே போதும். துப்பாக்கி உரிமம் மட்டுமே பார்க்கிற வக்கீல்கள் ஹூஸ்டனில் இருக்காங்க, ஒப்பந்தத்தை அவங்ககிட்ட காட்டச் சொல்லுங்க.

இன்னொன்று, இதை யாரும் யோசிக்கிறதில்லை. நீங்க இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா அல்லது வணிக விசாவில் வருவீங்க. குடியேற்றமில்லா விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கடைக்கு வந்து கல்லாப் பக்கம் நின்று, வாடிக்கையாளருக்கு ஒன்றை எடுத்துக் காட்டினால்கூட சிக்கல் உங்களுக்கும், கொடுத்த மச்சானுக்கும்.

சரி, தினப்படி வேலை என்னன்னு சொல்றேன். கடையின் உயிர் ஒரு வரவு செலவுப் புத்தகத்தில் இருக்கு. இடது பக்கம்: செய்தவர், இறக்குமதி செய்தவர், மாடல், வரிசை எண், வகை, காலிபர், வந்த தேதி, யாரிடமிருந்து. வலது பக்கம்: போன தேதி, யாருக்கு, படிவ எண். வந்ததை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் ஏற்றணும், போனதை ஏழு நாளுக்குள். பழுது பார்க்க வந்த துப்பாக்கி ராத்திரி கடையில் தங்கினால் அதுக்கும் வரவு உண்டு. வரிசை எண்ணில் பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பெட்டியில் ஒட்டியிருப்பதை நம்புவதில்லை, இரும்பில் வெட்டியிருப்பதைத்தான் எழுதணும்.

4473இல் ரொம்ப சகஜமான பிழை, வாங்குபவர் தன் கவுண்டி பெயரை எழுத மறப்பது. விற்று முடித்த பிறகு கண்டுபிடித்தால் மூலத்தில் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து, நகலில் திருத்தி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டு மூலத்தோடு சேர்த்துக் குத்தணும். அந்தப் படிவங்களை முன்பு 20 வருஷம் வைத்தால் போதும், 2022இல் கடை இருக்கும் வரை என்று ஆக்கிவிட்டார்கள். கடையை மூடினாலும் தூக்கிப்போட முடியாது, மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள தேசியத் தடயறி மையத்துக்கு அனுப்பணும். துப்பாக்கிப் பதிவேடு எதையும் அரசு உருவாக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் போட்டதால் பெயர் போட்டுத் தேட முடியாது. ஆட்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுறாங்க.

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி உங்க கடை வழியா வந்திருந்தால் அந்த மையத்திலிருந்து கேள்வி வரும், 24 மணி நேரத்தில் பதில் சொல்லணும். தீபாவளியா இருந்தாலும் புத்தகத்தைத் திறக்கணும். வருஷத்துக்கு ஒரு முறை, முன்னறிவிப்பில்லாமல், நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் வந்து சோதனை போடலாம். 2021இல் சில வகைப் பிழை ஒன்று போதும், உரிமம் பறிபோகும் என்று கெடுபிடி வந்தது, 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஆட்சி மாறினால் அதுவும் மாறும். மச்சான் தாளைப் பொறுமையாப் பார்க்கிற ஆளா?

ஈசூன்_குமார் எழுதியது:

கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதச் சொன்னால் பாதியில் எழுந்து போகிற ஆள்.

பாசிர்லாபா_பழசு எழுதியது:

😂 முடிஞ்சுது.

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

கணக்கு எழுத ஒருத்தரைச் சம்பளத்துக்கு வைக்கட்டும், அது இல்லாமல் கடை வேண்டாம். லாபமும் அவர் நினைக்கிற அளவு இல்லை. புதுக் கைத்துப்பாக்கியில் வரும்படி மெலிசு. தோட்டா, உறை, சுத்தம் செய்யும் சாமான், பிறகு இணையத்தில் வாங்கியவங்களுக்கு என் கடை வழியாக் கைமாற்றிக் கொடுக்கும் கட்டணம், இதில்தான் ஓடுது. சத்தம் குறைக்கும் சைலன்சர் டெக்சஸில் நல்லா விற்கும், அதை விற்கக் கடைக்காரர் வருஷம் 500 டாலர் தனி வரி கட்டணும். பேபால், ஸ்கொயர், ஸ்ட்ரைப் மூன்றும் துப்பாக்கி விற்பனைக்குப் பணம் வாங்கித் தராது. அட்டை தேய்க்கும் மெஷினுக்கே தனியாத் தேடணும், கட்டணமும் கூட. மொத்த வியாபாரிகள் பலர் தெருவில் கடை முகப்பு உண்டா, படம் அனுப்பு என்பாங்க. கராஜ்காரனுக்குச் சரக்கு தர யோசிப்பாங்க.

கணக்குப்பிள்ளை_ஜூரோங் எழுதியது:

வரிப் பக்கம் யாரும் தொடலையே. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கிடையாது. குமார் எல்.எல்.சி.யில் பங்குதாரரானால், லாபத்தில் அவர் பங்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கம்பெனி அதில் உச்ச விகிதத்தில், இப்போ 37 விழுக்காடு, பிடித்து அமெரிக்க அரசுக்குக் கட்டணும். பிறகு அவர் அங்கே வரி எண் வாங்கி, வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாப் பிடித்ததைத் திரும்பக் கேட்கணும். ‘எஸ்’ கார்ப்பரேஷன் (லாபத்துக்குப் பங்குதாரரே வரி கட்டும் கம்பெனி வகை) என்று மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர் அதில் பங்கு வைக்கவே முடியாது.

ஈசூன்_குமார் எழுதியது:

நேற்று இந்த இழை முழுவதையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மொய் நோட்டு வரியில் சிரித்துவிட்டாள், பிறகு அவளே அண்ணனுக்கு போன் போட்டாள். பங்கு வேண்டாம், கடனாக் கொடுக்கிறோம் என்று பேச்சு முடிந்திருக்கு. நகராட்சியில் இடத்துக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் பணம். கடனாக் கொடுத்தால் நான் பொறுப்பாளர் இல்லைதானே?

கேட்டி_அண்ணாச்சி எழுதியது:

வெறும் கடன் என்றால் இல்லை. ஆனா கடன் பத்திரத்தில் ‘என் சம்மதமில்லாமல் சரக்கு வாங்கக் கூடாது’ மாதிரி நிபந்தனை போடாதீங்க, சுற்றி வந்து அதே கதைதான். பணம் திரும்ப வராவிட்டால் சரக்கை எடுத்துக்கொள்வேன் என்றும் எழுதாதீங்க. உரிமம் இல்லாத நீங்க அந்தச் சரக்கை வைத்து என்ன பண்ணுவீங்க?

கணக்குப்பிள்ளை_ஜூரோங் எழுதியது:

வட்டிக்கும் வரி உண்டு. வெளிநாட்டவருக்குப் போகும் வட்டியில் பொதுவா 30 விழுக்காடு பிடிப்பாங்க. கடன் பத்திரத்தைச் சரியான முறையில் எழுதினால் விலக்கு கிடைக்க வழி இருக்கு. முதல் வட்டி வருவதற்கு முன்னாடியே நான் வெளிநாட்டவர் என்று அறிவிக்கும் ‘டபிள்யூ-8பென்’ படிவத்தை மச்சானிடம் கொடுத்திடுங்க. பணம் அனுப்பும்போது வங்கியில் எதற்கென்று கேட்டால் ‘குடும்பச் செலவு’ என்று போடாதீங்க, கடன் என்றே போட்டு ஒப்பந்த நகலையும் கூட வைங்க.